பிக்கப் மாற்றுவதற்கு முன்: மின்கிட்டார் கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் காந்தச் சுருள், உள்ள கிட்டார். ஆம்பை (ஒலிபெருக்கியை) போட்டவுடன் இரைச்சல். எந்த பிக்கப் வாங்கலாம்?

பதில்: தந்திகளின் மேல் கையை வையுங்கள். இரைச்சல் குறைந்தால், கிட்டாரின் உட்குழிக்குக் கவசம் போதவில்லை. செப்புத் தகடு ஒட்டி எர்த்துடன் இணைத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும்; பிக்கப் வாங்கவே வேண்டாம். கை வைத்தும் அசையாமல் "ம்ம்ம்" என்று ஒலித்தால் அது நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலம். அதைச் செப்பு தடுக்காது. கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் இதற்காகவே பிறந்தது. அதில் இரண்டு சுருள்கள்; சுற்றும் திசையும் காந்த முனையும் ஒன்றுக்கொன்று எதிர். வெளி இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அழிந்துவிடும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். சிங்கிள் காயில் அளவிலேயே இரட்டைச் சுருள் பிக்கப்புகள் கிடைக்கின்றன. ஆனால் அந்தத் தெறிப்பான ஒலியில் கொஞ்சம் போய்விடும். எனக்கு அது பெரிய இழப்பு.

கேள்வி (மதுரை): ஒரு பிக்கப் 8 கிலோ ஓம், மற்றொன்று 16 கிலோ ஓம். 16 வாங்கினால் சத்தம் இரண்டு மடங்கா?

பதில்: இல்லை. அந்த எண்ணை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். அது கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். 42ஆம் எண் கம்பிக்குப் பதிலாக மெல்லிய 43ஆம் எண் கம்பியை அதே நீளத்துக்குச் சுற்றினால் மின்தடை ஏறக்குறைய கால் பங்கு கூடும், ஒலி வலுக்காது. குளிரூட்டிய அறையில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், 15 டிகிரி கூடுதலான மதுரை மதியத்தில் 8.5 காட்டும். செம்பின் இயல்பு அது. பிக்கப் மாறிவிட்டதா என்ன?

கேள்வி (கொழும்பு): உங்கள் பதில் தவறு. நான் 16 கிலோ ஓம் பிக்கப் போட்டேன். சத்தம் கூடியது.

பதில்: கூடியிருக்கும், மறுக்கவில்லை. கூட்டியது சுற்றுகளின் எண்ணிக்கையும் காந்தமும். மின்தடை அவற்றின் நிழல். சுற்றுகள் கூடும்போது இண்டக்டன்ஸும் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் சுருளின் இயல்பும்) கூடி உச்ச ஒலிகள் மங்குவதைக் கேட்டீர்களா?

கேள்வி (கொழும்பு, மீண்டும்): கேட்டேன். டோன் குமிழைத் திறந்தே வைத்திருக்கிறேன், அப்போதும் மந்தம்தான். அப்படியானால் எந்த எண்ணைப் பார்ப்பது?

பதில்: இப்போது சரியான இடத்துக்கு வந்தீர்கள். இண்டக்டன்ஸின் அலகான ஹென்றி அளவைக் கேளுங்கள். பழைய பாணி ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார்) பிக்கப் 2 முதல் 3 ஹென்றி. பழைய பாணி ஹம்பக்கர் 4 முதல் 5. உரத்த வகைகள் 8 வரை போகும். ஏறஏற உச்சம் மழுங்கி நடு ஒலி முன்னே வரும். வால்யூம் பாட்டையும் (ஒலியளவுக் குமிழின் மாறு மின்தடையையும்) பாருங்கள். 250 கிலோ ஓம் பாட்டில் ஹம்பக்கரை இணைத்திருந்தால் உங்கள் மந்தத்தில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. 500 போட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (சேலம்): 7.8 நல்லதா, 8.4 நல்லதா?

பதில்: மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மின்கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கிறேன். கமகத்துக்குத் தந்தியை இழுக்கும்போது நாதம் நடுவில் மெலிகிறது.

பதில்: அருமையான கேள்வி. தந்திக்கு ஒன்றாகத் தனித்தனி காந்த முனைகள் உள்ள பிக்கப்பில் தந்தி தன் முனையைவிட்டு விலகி, இரு முனைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் விழுகிறது. தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் தந்தி அதிகம் நகராது. கழுத்துப் பக்கமுள்ள நெக் பிக்கப்பில்தான் விலகல் அதிகம். ஆகவே நெக் பிக்கப்பை மட்டும் மாற்றுங்கள். ஆறு முனைகளுக்குப் பதில் நீண்ட எஃகுப் பட்டை உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு இழுத்தாலும் தந்தி பட்டையின் மேலேயே இருக்கும். வாங்குவதற்கு முன் இப்போதுள்ள பிக்கப்பைச் சற்று இறக்கிப் பாருங்கள். தூரம் கூடினால் பள்ளம் ஆழம் குறையும். காந்தத்தின் இழுப்பும் தளர்ந்து நாதம் நீளும்.

கேள்வி (ஈரோடு): என் ஒலியில் உயிர் இல்லை. எதை வாங்க?

பதில்: தந்தி மாற்றி எத்தனை மாதம்? புதிய தந்தி போடுங்கள். கடைசி ஃப்ரெட்டில் (விரல் பலகையின் கடைசி உலோகக் கட்டில்) அழுத்திப் பிடித்து, தந்தியின் அடியிலிருந்து பிக்கப்பின் முனைவரை அளந்து பாருங்கள். பழைய பாணி சிங்கிள் காயிலுக்குத் தடித்த தந்தியில் 2.4 மில்லிமீட்டரும் மெல்லிய தந்தியில் 2 மில்லிமீட்டரும் வைத்துத் தொடங்குங்கள். பிக்கப்பை ஏற்றி இறக்கத் திருப்புளி போதும்.

கேள்வி (நெல்லை): நைலான் தந்திக் கிட்டாருக்கு எந்த ஹம்பக்கர்?

பதில்: எதுவும் கேட்காது. காந்தத்துக்கு எஃகுத் தந்தி வேண்டும். காந்தம் இல்லாமல் அதிர்வின் அழுத்தத்தை மின்குறியாக மாற்றும் பியெசோ பாருங்கள்.

கேள்வி (வேலூர்): 9 கிலோ ஓம் போதுமா?

பதில்: மேலே இருமுறை சொல்லிவிட்டேன்.

கேள்வி (புதுச்சேரி): நெக்கில் டிமார்சியோ இருக்கிறது, பிரிட்ஜில் சீமோர் டங்கன் போட்டேன். தனித்தனியே நன்றாக இருக்கின்றன. சேர்த்தால் டப்பா ஒலி.

பதில்: இரண்டும் எதிர்க் கட்டத்தில் இருக்கின்றன; ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. இரு நிறுவனங்களின் நிறக் குறியீடு வேறு: டங்கனில் ஒலி வருவது கறுப்பில், டிமார்சியோவில் சிவப்பில். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்திருக்கிறீர்களா என்று முதலில் சரிபாருங்கள். இணைப்பு சரியாக இருந்தும் ஒலி மெலிந்தால், டங்கனின் கறுப்பையும் பச்சையையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். உறையில்லாத வெற்றுக் கம்பி எர்த்திலேயே இருக்கட்டும். அதை மாற்றினால் இரைச்சல் தொடங்கும். கம்பியைக் குட்டையாக வெட்டாதீர்கள்.