போஸ் கொடுத்தால் பொய்யா?

அன்புள்ள ஐயா,

1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்த, அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரி மாணவர்களின் படங்களை இணையத்தில் பார்த்தேன். கஞ்சி போட்ட காலர், கோட்டு, கையில் புத்தகம். அடிமைமுறை ஒழிந்து முப்பத்தைந்து வருடத்தில் இப்படியா இருந்திருப்பார்கள்? ஜோடித்து எடுத்த படங்களை எப்படி ஆவணம் என்பது?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

ஜோடித்ததுதான். யாருக்குக் காட்ட ஜோடித்தார்கள் என்று பார்த்தால் விஷயம் பிடிபடும்.

நீங்கள் பார்த்தவற்றில் இரண்டு வகை கலந்திருக்க வேண்டும். ஒன்று, வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி எடுத்தவை. நிர்வாகமே அழைத்து எடுக்கச் சொன்னது. மாடிப்படி கட்டும் மாணவர்களின் படத்தைப் பாருங்கள்: கொலுப் பொம்மைகளைப் போல ஆளுக்கோர் இடம், ஒருவர் கண்ணும் நம்மைப் பார்க்காது. அழகான படம்தான். ஆனால் அதில் பேசுவது நிர்வாகம். கேட்பவர்கள் நன்கொடை தரக்கூடிய செல்வந்தர்கள்.

மற்றது, ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் திரட்டிய 363 படங்கள். சிலவற்றை எடுத்தவர் தாமஸ் ஆஸ்க்யூ என்ற உள்ளூர்க் கறுப்பினப் புகைப்படக்காரர். பலரை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுத்திருக்கிறார்கள். போலீஸ் குற்றவாளிகளை எடுக்கிற முறை அது. அதே முறையில் கோட்டும் லேஸ் காலருமாக உட்காரவைத்தது டு போய்ஸின் குறும்பு என்றே நினைக்கிறேன். 1899 ஏப்ரலில்தான் அதே ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினப் பண்ணைத் தொழிலாளியை ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. அந்த மாநிலத்தில் ஒருவர் கஞ்சி போட்ட காலரை மாட்டிக்கொண்டு கேமராவுக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்தால், அந்த நிமிர்வு ஆவணம் இல்லாமல் வேறென்ன?

என் மனக்குறை வேறு. இரண்டு தொகுப்பிலும் பெரும்பாலான முகங்களுக்குப் பெயர் இல்லை. இந்தப் பெண் எந்த ஊரிலிருந்து வந்தாள், சம்பளம் கட்ட வீட்டில் எதை விற்றார்கள், ஒன்றும் தெரியாது. முகம் இருக்கிறது, கதை போய்விட்டது.

2014 மார்ச்சில் ஹார்வர்டின் கறுப்பின மாணவர்கள் வேறு வழியில் போனார்கள். சக மாணவர்களிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து ஒரு நாடகம். அதையொட்டி வரிசையாகப் படங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பலகை. தங்களிடம் மற்றவர்கள் கூசாமல் கேட்டதையும் சொன்னதையும் பலர் அதில் எழுதியிருந்தார்கள். 'நீ கறுப்பினம், உனக்குச் சுலபமாக இடம் கிடைத்துவிடும்' என்கிற ரகம். சிலர் பதிலை எழுதிப் பிடித்திருந்தார்கள். அதுவும் போஸ்தான். வாசகம் மட்டும் படத்தில் இருப்பவருடையது.

ஹாம்ப்டன், ஜார்ஜியா படங்கள் இரண்டுமே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செல்பேசியில் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள். பார்த்துவிட்டு, சந்தேகம் தீரவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.