கார்பன் பானெட் வாங்குவதற்கு முன்: எடைக் குறைப்பை எங்கே தொடங்குவது?

கேள்வி: என்னிடம் 1990-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5 (1.6 லிட்டர்) இருக்கிறது. சாலையில் ஓட்டுவதோடு, அவ்வப்போது பந்தயத் தடத்துக்கும் கொண்டுசெல்கிறேன். கார்பன் ஃபைபர் பானெட் பொருத்தினால் வேகம் கூடுமா?

பதில்: அந்தச் செலவை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் காரின் பானெட் தொழிற்சாலையிலேயே அலுமினியத்தில் செய்யப்பட்டது என்பதால், அதை மாற்றிக் கிடைக்கும் எடை மிச்சம் மிகக் குறைவு.

ஏறத்தாழ 950 கிலோ எடையும் 115 குதிரைத்திறனும் கொண்ட இந்தக் காரில் 50 கிலோவைக் குறைப்பது, முடுக்கத்தைப் பொறுத்தவரை எஞ்சினில் ஆறு குதிரைத்திறனைக் கூட்டுவதற்குச் சமம். எஞ்சின் திறன் வேகத்துக்கு மட்டுமே உதவும். எடைக் குறைப்போ பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் பலன் தரும். உச்ச வேகத்தை மட்டும் அது அதிகம் மாற்றாது. அங்கே காற்றின் எதிர்ப்புதான் தடை.

முதலில் சக்கரங்களைக் கவனியுங்கள். டயரிலும் ரிம்மின் விளிம்பிலும் உள்ள ஒவ்வொரு கிலோவும் காரோடு முன்னேறுவதுடன் சுழலவும் வேண்டியிருப்பதால், முடுக்கும்போது ஏறத்தாழ இரண்டு கிலோவுக்குச் சமமான சுமையாகிறது. அதோடு, சக்கரம் கனமாக இருந்தால் மேடுபள்ளங்களில் டயர் தரையைப் பற்றி நிற்பதும் கடினமாகிறது. அழகுக்காக 17 அங்குல ரிம் மாட்டி இந்தக் காரின் இயல்பையே கெடுத்துக்கொள்வோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எடை குறைந்த 14 அல்லது 15 அங்குல அலாய் சக்கரங்களே இதற்குப் பொருத்தம்.

செலவில்லாத வழிகளும் உண்டு. தடத்துக்குச் சென்றதும் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கிவிடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ எடை கொண்டது. 45 லிட்டர் டேங்கில் 20 லிட்டரோடு ஓடினாலே ஏறத்தாழ 19 கிலோ குறையும். மிகவும் குறைத்துவிட்டால், நீண்ட வளைவுகளில் பெட்ரோல் ஒருபக்கமாக ஒதுங்கி எஞ்சின் திணறக்கூடும். அடுத்து, செலவு செய்ய முடிந்தால், எடை குறைந்த இருக்கைகளையும் பேட்டரியையும் பொருத்தலாம். ஏசியைக் கழற்றுவதானால், அதிலுள்ள வாயுவை உரிய கருவி கொண்ட மெக்கானிக்கே வெளியேற்ற வேண்டும்.

கதவுகளுக்குள் எஃகுத் தண்டுகள் இருந்தால் அவை, பம்பரின் உட்சட்டம், சீட் பெல்ட் ஆகியவற்றில் கைவைக்காதீர்கள். கூரை திறந்த கார் என்பதால், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் கட்டாயம் வேண்டும். அதனால் கூடும் எடையைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எடை குறைந்ததும் ஸ்பிரிங்குகள் காரைச் சற்று உயர்த்திவிடும். எனவே வீல் அலைன்மென்ட்டை மீண்டும் சரிசெய்து, நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்த நிலையில் நான்கு சக்கரங்களின் எடையையும் தனித்தனியாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.