7 மணி நேர வரம்புக்குள் மாரத்தானை முடிக்க

அண்ணாச்சி, வணக்கம். கிலோமீட்டருக்கு 9 நிமிடம் எடுத்துக்கொள்ளும் தங்களால் மும்பை மாரத்தானை 7 மணி நேர வரம்புக்குள் முடிக்க முடியுமா என்று பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருந்தீர்கள். முடியும். 42.195 கிலோமீட்டருக்கு அந்த வேகத்தில் ஏறத்தாழ 6 மணி 20 நிமிடம் ஆகும். மிஞ்சும் 40 நிமிடத்தைக் காப்பாற்றுவதில்தான் தாங்கள் முழுக் கவனம் செலுத்த வேண்டும்.

வரம்பு நேரம் போட்டி தொடங்கும் கணத்திலிருந்தா, தாங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும் கணத்திலிருந்தா கணக்கிடப்படுகிறது என்பதை விதிமுறையில் முதலில் பாருங்கள். பின்வரிசையில் நிற்பவருக்குக் கோட்டை அடைவதற்குள்ளேயே பல நிமிடங்கள் கரைந்துவிடும். களைத்த பிறகு நடப்பதைவிட, முதல் கிலோமீட்டரிலிருந்தே 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று பழகுவது மிக நல்லது.

மும்பை மாரத்தான் பாதையில் உள்ள பெடர் சாலை ஏற்றம் கால்கள் சோர்ந்திருக்கும் பிற்பகுதியில் வருவதால், நெல்லையின் ஈரடுக்கு மேம்பாலத்தில் போக்குவரத்து தொடங்குமுன் ஏறி இறங்கிப் பயிற்சி செய்யுங்கள், அதுவும் நீண்ட ஓட்டத்தின் முடிவில்.

கடைசியாக வருவோருக்குத் தண்ணீர் தீர்ந்திருக்கலாம் என்ற தங்கள் அச்சம் நியாயமானது. ஒரு சிறு பாட்டிலும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் இடுப்புப் பையில் இருக்கட்டும். ஆயினும் தாகத்துக்கு மேல் குடிக்காதீர்கள். நெடுநேரம் ஓடுபவர்கள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடன்குடிக் கருப்பட்டித் துண்டுகளையும் எடுத்துச் செல்லலாம், பயிற்சியின்போதே வயிறு அதை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு.