துணைவேந்தருக்கு 100 நாள்

அன்புள்ள ஐயா,

எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புதிய துணைவேந்தர் வந்துவிட்டார். பொறுப்பேற்ற அன்றே 'முதல் 100 நாள் திட்டம்' அறிவித்து ஆசிரியர்களிடம் யோசனை கேட்டிருக்கிறார். நான் எழுதி வைத்திருப்பவை: தரவரிசையில் முன்னேற்றம், செயற்கை நுண்ணறிவு மையம், வெளிநாட்டு ஒப்பந்தங்கள், வளாகத்தில் மரங்களை நெருக்கி நடும் மியாவாக்கி காடு, காலிப் பணியிடங்களை நிரப்புவது. எதை முதலில் வைக்கலாம்?

பி.கு.: நான் கௌரவ விரிவுரையாளர். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை.

கே., சென்னை

அன்புள்ள கே.,

உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துவிட்டேன். காரணம் உங்களுக்கே தெரியும்.

முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். வீட்டில் அரிசிக்கு வழியில்லாத ஆள் காட்டுக்கு யோசனை எழுதுகிறார். சம்பளம் பின்குறிப்பில் கிடக்கிறது! கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொல்லிவிட்டது. அதைக் கேட்பதற்கு என்ன கூச்சம்? தன்னை இப்படி ஒதுக்கிக்கொள்ளும் ஆசிரியரிடம் மாணவன் எதைக் கற்றுக்கொள்வான்? சாப்பிட்டீர்களா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனால் கோபமும் வருகிறது.

தரவரிசை, ஒப்பந்தம் எல்லாம் புகைப்படத்துக்கு ஆகும், விடுங்கள். உங்களுக்குத் துணைவேந்தர் என்று ஒருவர் வந்ததே பெரிய விஷயம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் ஒருவரின் பதவிக்காலம் முடிந்தது. தேடுதல் குழுவில் மானியக் குழுவின் ஆள் இருக்க வேண்டுமா இல்லையா என்று ஆளுநருக்கும் அரசுக்கும் இழுபறி. ஆண்டுக்கணக்கில் நாற்காலி காலியாகக் கிடந்தது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற சேப்பாக்கம் பக்கம் போகும்போதெல்லாம், இனி ஒருவர் வந்து உட்கார்ந்தால் முதலில் எதைத் தொடுவார் என்று யோசிப்பேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

ஒரு துணைவேந்தருக்குக் கிடைப்பது மூன்று ஆண்டு. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் அந்த நாற்காலியில் இருந்தார். அது நல்லதா என்பது வேறு பேச்சு. மூன்று ஆண்டு மட்டுமே இருக்கப்போகிறவர், தன் பெயரில் ஒன்றைத் தொடங்கி, தானே திறந்துவைக்க ஆசைப்படுகிறார். அப்புறம் பத்து ஆண்டு பிடிக்கிற வேலையை யார் செய்வது?

நான் ஆய்வு மாணவனாக இருந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) என் பேராசிரியர் காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை மீனவர்களிடம் பேசி, அவர்கள் சொற்களைக் குறிப்பட்டைகளில் எழுதிக்கொண்டிருந்தார். காற்று, வலை, மீன், படகின் பாகம், எல்லாவற்றுக்கும் அட்டை உண்டு. சொன்னவரின் ஊரும் வயதும் மூலையில் இருக்கும். தவறான ஊரை எழுதிவிட்டால் எனக்கு நல்ல வசவு விழும். அங்கே புதிதாக வந்த துணைவேந்தர் கழுத்தில் மாலையோடு துறையைப் பார்க்க வந்தார். "இது எப்ப முடியும்?" என்றார். "இன்னும் நாலு வருஷம் ஆகும் சார்" என்றார் எங்கள் அசட்டுப் பேராசிரியர். இரண்டு என்று சொல்லியிருக்கலாம்! பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அடுத்த மாதமே அந்த அறை கணினி மையம் ஆனது. அட்டைகளைச் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டார்கள். மழைக்கு அங்கே தண்ணீர் நிற்கும் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். கணினி மையத்தை அடுத்து வந்தவர் காலி செய்தார், அவருக்கும் ஒரு கனவு இருந்தது. அட்டைக்குச் சொன்ன கிழவர்களில் இன்று யார் இருக்கிறார்கள்?

இதே ஊரில்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகனும் வந்தது. 1913இல் சாண்ட்லர் என்ற பாதிரியார் தொடங்கினார். ஐந்து ஆண்டு, ஒரு லட்சம் ரூபாய் என்பது திட்டம். வையாபுரிப்பிள்ளை 1926இல் பதிப்பாசிரியராகப் பொறுப்பெடுத்து 1936இல் ஆறு தொகுதிகளை முடித்தபோது செலவு நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. இடையில் துணைவேந்தர்கள் மாறினார்கள், பதிப்பாசிரியர்கள் மாறினார்கள். எவரும் 'இது எனக்கு முந்தையவருடையது' என்று இழுத்து மூடவில்லை. குறைகள் உண்டுதான், வழக்குச் சொற்களில் நிறைய விடுபட்டிருக்கின்றன. ஆனால் புத்தகம் கையில் இருக்கிறது.

எனவே உங்கள் துணைவேந்தருக்கு என் யோசனை ஒன்றுதான். புதிதாக எதையும் அறிவிக்க வேண்டாம். பதிவாளரைக் கூப்பிட்டு, பாதியில் நின்ற வேலைகளின் பட்டியலைக் கேட்கட்டும்: எந்தத் துறை, எப்போது நின்றது, யார் செய்துகொண்டிருந்தார், அவருக்குக் கடைசியாக எப்போது சம்பளம் போனது. பட்டியல் வருவதற்கே ஒரு மாதம் ஆகும். அதுவரை பாராட்டு விழாக்களுக்குப் போகாமல் இருந்தால் போதும்.