பசிபிக் சூடானால் அட்லாண்டிக் புயல் அடங்குவது ஏன்?

கேள்வி: எல் நினோ ஆண்டில் பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிடச் சூடாகிறது. வெதுவெதுப்பான கடல்நீர்தான் புயலுக்குத் தீனி என்றால், அதே ஆண்டில் அட்லாண்டிக்கில் புயல்கள் குறைந்துவிடுவது ஏன்?

பதில்: தீனி இருந்தாலும், புயல் நிமிர்ந்து நிற்கக் காற்று இடம்கொடுக்க வேண்டும். முதலில் தீனியைப் பார்ப்போம். ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நீர் சுமார் 50 மீட்டர் ஆழம்வரை இருந்தால், அதிலிருந்து எழும் ஈரம் மேகமாகக் குளிரும்போது வெளிவிடும் வெப்பத்தைக் கொண்டு புயல் வலுப்பெறுகிறது. ஆழத்தை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: புயற்காற்று கடலைக் கலக்கி அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவருவதால், மேலாக மட்டும் சூடேறிய கடலில் புயல் தன் உலையைத் தானே அணைத்துக்கொள்கிறது. 2005இல் கத்ரீனா சூறாவளி மெக்சிகோ வளைகுடாவில் அவ்வளவு விரைவாக உக்கிரமடைந்ததற்கு, ஆழம்வரை சூடாயிருந்த நீர்ப்பரப்பை அது கடந்தது ஒரு முக்கியக் காரணம்.

இனி காற்றுக்கு வருவோம். மத்திய, கிழக்குப் பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டிய நீர் சூடேறும்போது, வழக்கமாக மேற்கே திரளும் பெருமழை மேகங்கள் கிழக்கு நோக்கி நகர்கின்றன. அங்கே மேலெழும் காற்று உயரத்தில் பரவி, கரீபியன் கடலுக்கும் வெப்பமண்டல அட்லாண்டிக்குக்கும் மேலே மேற்கிலிருந்து வீசும் காற்றை வலுப்படுத்துகிறது. கடலை ஒட்டியோ கிழக்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருக்கிறது. இப்படி உயரத்துக்கு உயரம் காற்று எதிரெதிராக இழுப்பதால் புயலின் மேகத்தூண் சாய்ந்து, மையத்தில் சேர வேண்டிய வெப்பம் சிதறிவிடுகிறது. இந்த எல் நினோ தொடர்பை அமெரிக்க வானிலை அறிஞர் வில்லியம் கிரே 1984இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்.

கிழக்குப் பசிபிக்கின் கதை நேர்மாறானது. வலுவான எல் நினோ நிலவிய 2015இல் அங்கே உருவான பட்ரீசியா சூறாவளியின் காற்று மணிக்கு 345 கிலோமீட்டரை எட்டியது. பசிபிக் குளிரும் லா நினா காலத்தில் அட்லாண்டிக்கின் தடை விலகுகிறது. லா நினா உருவான 2020இல் அங்கே 30 புயல்களுக்குப் பெயர் சூட்ட வேண்டியிருந்தது.

இந்த விதியை மாறாததாகக் கொள்ள வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். 2023இல் எல் நினோ இருந்தும் அட்லாண்டிக்கில் 20 புயல்கள் உருவாயின. அவ்வாண்டு அட்லாண்டிக்கின் நீரே அதற்குமுன் பதிவாகாத அளவுக்குச் சூடாயிருந்ததால், பசிபிக்கிலிருந்து வந்த தடையை அந்த வெப்பம் பெருமளவு ஈடுகட்டிவிட்டது.