நாகமான் கேட்ட மண்

அன்புள்ள அண்ணாவுக்கு,

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் சபைக்கு எட்டு மாதமாக ஒரு தங்கை வருகிறாள். மாங்கூழ் கம்பெனியில் சீசன் வேலை. வீட்டில் அவள் ஒருத்திதான் விசுவாசி. ஞானஸ்நானம் எடுத்த மறுவாரமே பூ, பொட்டு, மெட்டி எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு மாமியாரோடு மாவிளக்குக்கு மாவு இடித்தாள் என்று எல்லோர் முன்பாகவும் கண்டித்தார்கள். மூன்று ஞாயிறாக அவள் வரவில்லை. ‘விதை பாறையில் விழுந்துவிட்டது’ என்கிறார்கள் மூப்பர்கள். அவளை நான் எப்படித் தாங்குவது?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வேதாகமத்தில் வரும் சீரியப் படைத்தலைவன் நாகமான் நினைவுக்கு வந்தான். குஷ்டம் நீங்கியதும், இஸ்ரவேலின் தீர்க்கதரிசியான எலிசாவிடம் இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு மண் கேட்டானே, அவன்தான். அது முழுக்கச் சரியான இறையியல் அல்ல. கர்த்தரைத் தொழ இஸ்ரவேலின் மண் வேண்டும் என்று நினைத்தான் போல. அதோடு விடவில்லை. ‘என் ராஜா எங்கள் நாட்டுத் தெய்வமான ரிம்மோனின் கோவிலில் பணியும்போது என் கைமேல் சாய்வார், நானும் குனிய வேண்டிவரும், அதைக் கர்த்தர் மன்னிக்கவேண்டும்’ என்றான். எலிசா அதற்குச் சம்மதம் சொல்லவில்லை, சண்டைக்கும் போகவில்லை. ‘சமாதானத்தோடே போ’ என்று மட்டும் சொன்னார். விசுவாசத்துக்கு வந்து ஒரு நாள்கூட ஆகாதவனுக்கு அந்தத் தீர்க்கதரிசி கொடுத்த இடம் அது.

அந்தத் தங்கைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

மெட்டியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் புருஷன் உயிரோடிருக்க மருமகள் மெட்டியைக் கழற்றினால், மாமியார் காதில் அது என்னவாக விழும்? ‘என் மகனுக்கு ஏதோ ஆகட்டும் என்கிறாள்’ என்றுதான். இயேசு நல்லவர் என்று அந்த வீட்டுக்குச் சொல்ல இருந்த ஒரே ஆளின் வாயை நாமே அடைத்துவிட்டோம். விசுவாசியாத புருஷன் சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவனோடு இரு என்று எழுதிய அப்போஸ்தலன் பவுல் மெட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

பண்டிகை அவ்வளவு லேசான காரியம் இல்லை. அதை மழுப்ப மாட்டேன். கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள், விருத்தசேதனம் (யூத ஆண்களின் நுனித்தோலை நீக்கும் சடங்கு) என்ற நுகத்தை, யூதரல்லாத புறஜாதியார் கழுத்தில் வைக்க மறுத்தார்கள். ஆனால் விலகச் சொன்ன நான்கில் விக்கிரகத்துக்குப் படைத்ததும் ஒன்று. யாரை வணங்குகிறோம் என்பதை அவள் ஒருநாள் தீர்மானித்துத்தான் ஆகவேண்டும். அதை மாமியாரோடு உலக்கை பிடிக்கும் அவள்தான் ஜெபத்தோடு தீர்மானிக்கவேண்டும், அவளுடைய வேகத்தில். சபை நடுவே நிறுத்தி வாங்கும் தீர்மானம் பயத்தில் வருவது.

மாமரம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒட்டுக்கன்று முதல் இரண்டு மூன்று வருடத்தில் பூத்தாலும் பூவைக் கிள்ளிவிடுவீர்கள். வேர் பிடிக்கட்டும், காய்ப்பு அப்புறம் என்று. இவளிடம் மறுவாரமே காய் கேட்டோம். மூப்பர்கள் சொன்ன, இயேசுவின் பாறை நிலத்து உவமையிலும் விதைமேல் குற்றமில்லை, ஆழமாக மண் இல்லை என்றுதான் இருக்கிறது.

என் கதையையும் சொல்கிறேன். நான் இயேசுவை ஏற்றுக்கொண்ட முதல் வருடம் அப்பா இறந்தார். கொள்ளி வைக்கக் கூடாது என்று ஒரு மூப்பர் சொன்னார். இருபத்திரண்டு வயது, சொன்னதைச் செய்தேன். சித்தப்பா வைத்தார். அம்மா நான்கு வருடம் என்னோடு பேசவில்லை. அந்த மூப்பர் என்மேல் அன்பில்லாதவர் அல்ல. தான் சுமந்ததையே எனக்கும் ஏற்றினார். சபையிலிருந்து ஒரு பாட்டி மட்டும் மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, கேழ்வரகுக் களி கிண்டி அம்மாவுக்கு ஊட்டிவிட்டார். வேதம் எதுவும் பேசவில்லை. பிற்பாடு அம்மா என்னிடம் முதலில் கேட்டதே, ‘அந்தக் கிழவி எந்தச் சாமியைக் கும்பிடுது?’ என்றுதான்.

நீங்கள் ஒரு வார நாளில் அவள் வீட்டுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்காதீர்கள். சபையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள், மாமியார் காதில் விழும்படியே. அவர் கொடுப்பதைச் சாப்பிடுங்கள். அவள் கேட்டால் மட்டும் ஜெபம் பண்ணுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.