மேசையில் முடியும் சமையல்: வியட்நாம் உணவு பற்றி வாசகர் கேள்விகள்

கொச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு 2023இல் நேரடி விமானம் தொடங்கிய பிறகு, குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு வியட்நாம் பயணம் எளிதாகிவிட்டது. சுற்றுலா போகிறவர்களும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் கேட்டவை இவை.

கேள்வி: மெல்பர்னில் மகள் வீட்டுக்குப் போகிறோம். பக்கத்தில் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன வியட்நாம் கடை இருக்கிறதாம். ஃபோ என்ற நூடுல்ஸ் சாறு கேட்டால் கிண்ணத்தோடு ஒரு தட்டு நிறைய இலையும் முளைப்பயறும் தருவார்களாம். எல்லாவற்றையும் போட்டுக் கிளறிவிடலாமா?
— வாசகி, மார்த்தாண்டம்

மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள் அம்மா. கிண்ணம் வந்ததும் எதையும் சேர்க்காமல் இரண்டு கரண்டி சாறு குடித்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்தின் உழைப்பு முழுக்க அந்தச் சாற்றில்தான் இருக்கிறது. மாட்டெலும்பைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, எலும்பைக் கழுவி, புதுத் தண்ணீரில் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் சிறுதீயில் வைப்பார்கள். வெங்காயத்தையும் இஞ்சியையும் தீயில் கருகச் சுட்டு, கரியைச் சுரண்டிவிட்டுப் போடுவார்கள். வறுத்த அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, முழுமல்லி எல்லாம் துணியில் கட்டிக் கடைசி ஒரு மணி நேரம்தான் உள்ளே கிடக்கும். அதற்கு மேல் கிடந்தால் சாறு கஷாயம்போல் ஆகிவிடும். நல்ல சாறு தெளிவாக இருக்கும். கலங்கியிருந்தால் தீயைக் கூட்டித் தளதளவென்று கொதிக்கவிட்டிருக்கிறார்கள், கொழுப்பு உடைந்து சாற்றில் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

ருசி பார்த்த பிறகு குச்சியால் அடியிலிருந்து நூடுல்ஸைத் தூக்கிப் பிரித்துவிடுங்கள். அரிசி நூடுல்ஸ் கட்டியாக ஒட்டிக்கிடக்கும். அடுத்தது முளைவிட்ட சிறுபயறு. அதைச் சாற்றுக்குள் அமுக்கினால் பச்சை வாடை போகும், மொறுமொறுப்பு போகாது. ஆறின சாற்றில் போட்டால் பச்சையாகவேதான் கடிபடும். இலைகளைக் காம்பிலிருந்து உருவி, கையால் கிழித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும்போதே சேருங்கள். சோம்பு மணம் அடிக்கும் ஒரு துளசி வகை அதில் இருக்கும். ரம்பம்போல் விளிம்புள்ள நீள இலை, நம்மூர் வீட்டுத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மல்லி என்று வளர்க்கிறார்களே, அதே செடிதான். எலுமிச்சையை முதலில் கால் துண்டு மட்டும் பிழியுங்கள். புளிப்பு ஏறிவிட்டால் திரும்ப இறக்க வழியில்லை.

மேசையில் இருக்கும் கறுப்பு இனிப்புச் சாஸ் ஹாய்சின், சிவப்பு மிளகாய்ச் சாஸ் சிராச்சா. இரண்டையும் சின்னத் தட்டில் கொஞ்சம் விட்டுக் கறித்துண்டைத் தொட்டுச் சாப்பிடுவதே நல்லது. ஹாய்சினைக் கிண்ணத்தில் பிழிந்தால் பட்டையும் அன்னாசிப்பூவும் இருந்த இடம் தெரியாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது மிக முக்கியம். அதற்குமேல் நூடுல்ஸ் சாற்றைக் குடித்து ஊதிப்போகும்.

இன்னொன்று. மெல்லிசாகச் சீவிய பச்சை மாட்டிறைச்சிமேல் கொதிக்கும் சாற்றை ஊற்றித் தருவது ‘தாய்’ வகை. வந்தவுடன் இறைச்சியைச் சாற்றுக்குள் அமுக்குங்கள், வெந்துவிடும். வயதானவர்களும் கர்ப்பிணிகளும் முழுக்க வெந்த ‘சின்’ வகையைக் கேட்பதே பத்திரம். மாட்டிறைச்சி வேண்டாதவர்களுக்கு ஃபோ கா, அதாவது கோழி ஃபோ இருக்கிறது.

வடக்கே ஹனோய் பக்கம் போனால் இந்த இலைத்தட்டு பெரும்பாலும் வராது, கடைக்காரர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஃபோ வடக்கே பிறந்தது. 1954இல் நாடு பிரிந்தபோது தெற்கே குடிபெயர்ந்தவர்களோடு அது சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரில் பரவியது. இலை, முளைப்பயறு, இனிப்புச் சாஸ் எல்லாம் தெற்கத்திப் பழக்கம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். வியட்நாமில் சின்னக் கடைகளில் என்ன சொல்லிக் கேட்பது?
— வாசகர், வடசேரி

‘சாய்’ என்று சொல்லுங்கள். புத்த மத வழக்கத்தின்படியான சைவ உணவுக்கு அங்கே அதுதான் பெயர். ‘கறி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கறித்துண்டை விட்டுவிட்டு அதே எலும்புச் சாற்றை ஊற்றித் தந்துவிட வாய்ப்பு உண்டு. வதக்கிய கீரையில்கூட மீன் சாறு, அதாவது மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் சாஸ், சேர்ப்பது அங்கே சாதாரணம். ‘கோம் சாய்’ என்று பலகை மாட்டிய கடை கண்ணில் பட்டால் யோசிக்காமல் நுழையுங்கள். அங்கே முள்ளங்கி, கேரட், காளான் போட்டுச் சாறு காய்ச்சுவார்கள், மீன் சாறுக்குப் பதில் சோயா சாஸ் விடுவார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம் சாப்பிடுவார்கள். அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் சாதாரணக் கடைகளிலும் சைவம் கிடைப்பது எளிது. முட்டை வேண்டாமென்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். சாதாரணக் கடைகளில் பொரித்தது எதுவானாலும் பெரும்பாலும் ஒரே எண்ணெயில்தான் பொரிப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: வியட்நாம்காரர்களும் நெத்தோலியில்தான் மீன் சாறு எடுக்கிறார்களாமே? கடையில் எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்ளத் தரும் அந்தத் தண்ணிச் சாஸை வீட்டில் செய்ய முடியுமா?
— வாசகர், குளச்சல்

நெத்தோலியேதான். பெயர்போன ஊர் ஃபூ குவோக் தீவு. மூன்று பங்கு நெத்தோலிக்கு ஒரு பங்கு உப்பு போட்டுப் பெரிய மரத்தொட்டியில் அடைத்து, ஓராண்டும் அதற்கு மேலும் வைத்திருந்து அடியில் வடியும் சாற்றை எடுக்கிறார்கள். நாம் கருவாட்டுக்கு மீனின் நீரைப் போக்கிக் காய வைக்கிறோம், அங்கே மீன் கரைந்து வடியும் நீர்தான் சரக்கு. கருவாட்டை வேகவைத்த தண்ணீர் இதற்கு ஈடாகாது, அந்த முயற்சியில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பாட்டிலாக வாங்கும்போது நெத்தோலி, உப்பு இரண்டு மட்டும் எழுதியிருப்பதைப் பாருங்கள். அட்டையில் 30, 40 என்று எண்ணோடு ‘N’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் எண் கூடக்கூடச் சத்தும் அடர்த்தியும் கூடுதல்.

தொட்டுக்கொள்ளத் தருவது நுவோக் சாம். நாலு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி சீனியை எட்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரையுங்கள். ஆறியதும் எலுமிச்சைச் சாறு இரண்டு, மீன் சாறு இரண்டு மேசைக்கரண்டி விடுங்கள். ஒரு துளி நாக்கில் வைத்தால் புளிப்பு, இனிப்பு, உப்பு எதுவும் தனியாகத் துருத்தக் கூடாது. கடைசியில் பொடியாக நறுக்கிய இரண்டு பல் பூண்டும் இரண்டு காந்தாரி மிளகாயும். இந்த வரிசை முக்கியம். எலுமிச்சையைச் சூட்டில் பிழிந்தால் கசக்கும். சீனி கரையாமல் மீன் சாறை விட்டால் முதலில் உப்பும் அடியில் இனிப்புமாக இருக்கும். தெற்கு வியட்நாமில் தண்ணீருக்குப் பதில் இளநீர் விடுகிறவர்களும் உண்டு, நமக்கு அதற்குப் பஞ்சமில்லை.

ரத்த அழுத்தக்காரர்கள் கவனிக்க: உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஒரு மேசைக்கரண்டி மீன் சாறிலேயே அதில் பாதிக்கு மேல் போய்விடும்.

கேள்வி: சில கடைகளில் அரிசித்தாளும் தண்ணீரும் தந்து நம்மையே சுருட்டச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்று கிழிகிறது, இல்லையென்றால் கையோடு ஒட்டுகிறது.
— வாசகி, தக்கலை

அதிகம் நனைக்கிறீர்கள். அரிசி மாவிலும் மரச்சீனி மாவிலும் செய்த தாள் அது. தண்ணீரில் இரண்டு மூன்று விநாடி முக்கி, இன்னும் விறைப்பாக இருக்கும்போதே தட்டில் வையுங்கள். நிரப்புவதற்குள் தானாக இளகிவிடும். மென்மையாகும்வரை தண்ணீரிலேயே விட்டால் கிழியத்தான் செய்யும். லெட்யூஸை ஈரம் போக உதறிவிட்டு முதலில் வைத்து, அதன்மேல் ஒரு பிடி சேமியா, புதினா, இறால். எல்லாம் உங்கள் பக்கத்து ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு சுற்று இறுக்கமாகச் சுருட்டி, இரு பக்கமும் உள்ளே மடித்து, மீதியைச் சுருட்டுங்கள். முடித்தவற்றை ஒன்றோடொன்று ஒட்ட வைக்காதீர்கள். கூட வரும் கெட்டிச் சாஸில் நிலக்கடலை இருக்கும், ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பிள்ளைகளுக்கும் நூடுல்ஸ் பிடிக்காத பெரியவர்களுக்கும் என்ன வாங்கலாம்? சாப்பிடும்போதும் காசு கொடுக்கும்போதும் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், குலசேகரம்

கோம் தாம் கேளுங்கள். நொய்யரிசிச் சோறு, சுட்ட பன்றிக்கறி, பொரித்த முட்டை, ஊறுகாய்க் காய் எல்லாம் ஒரே தட்டில் வரும். பன்றி வேண்டாதவர்களுக்குக் கோழியும் பல கடைகளில் இருக்கும். தெற்கே கா ரி கா கிடைத்தால் விடாதீர்கள். தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்ட கோழிக்கறி, ரொட்டியோடு சாப்பிடுவது. சைகோனில் மாரியம்மன் கோயில் கட்டிய தமிழ் வணிகர்கள் உட்பட, அங்கே போன இந்தியர்கள் வழி வந்த குழம்பு அது. பான் செய்யோ மஞ்சள்தூளும் தேங்காய்ப்பாலும் கலந்த அரிசிமாவில் மொறுமொறுவென்று சுடுவது. துண்டாகப் பிய்த்து இலையில் சுருட்டி நுவோக் சாமில் முக்கிச் சாப்பிட வேண்டும், பிள்ளைகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

குடும்பக் கடையில் பட்டியல் சின்னதாக இருந்தால் நல்ல அடையாளம். பலகையில் பெரிதாக எழுதியிருப்பதை வாங்குங்கள், வீட்டார் நாள்தோறும் செய்து கைபழகியது அதுவாகத்தான் இருக்கும். ஃபோ அங்கே பெரும்பாலும் காலைச் சாப்பாடு, பானை தீர்ந்தால் கடை மூடிவிடும். மதியம் இரண்டு மணிக்குப் போய் ஏமாறாதீர்கள்.

குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள், இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றியதுபோல் ஆகிவிடும். பெரியவர்களைச் சாப்பிட அழைத்த பிறகே இளையவர்கள் தொடங்குவது அங்கே மரியாதை. குச்சி பிடிக்க வராவிட்டால் முள்கரண்டி கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மேசையில் பாக்கெட்டில் இருக்கும் ஈரத்துவாலையைப் பிரித்தால் பல கடைகளில் அதற்கும் சின்னத் தொகை பில்லில் ஏறும். பணம் கொடுக்கும்போது பூஜ்ஜியங்களை எண்ணிப் பாருங்கள்: 20,000 டோங், 500,000 டோங் இரண்டுமே நீலச் சாயலில் இருக்கும் பிளாஸ்டிக் தாள்கள். மங்கிய விளக்கில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம், அதனால் பெரிய தாளை வேறு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.